நம்பலாமா? மெட்ரோ, புல்லட் ரயில், அணு உலை பற்றிச் சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆற்காடு சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் மயிலாப்பூர் லஸ் முனையிலும் மெட்ரோவுக்காகத் தடுப்பு வைத்த பிறகு, சென்னையில் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் அங்கே வந்து நிற்கிறது. 'இதெல்லாம் எப்போ முடியும்?' அப்புறம் அது புல்லட் ரயிலுக்குப் போகும், கல்பாக்கத்துக்குப் போகும். அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நான் ரயிலையும் விரும்புகிறவன், மின்சாரமும் தேவை என்று நினைக்கிறவன். அதனால்தான் இந்தக் கேள்விகளை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது என்கிறேன்.

அரசு பெரிய திட்டம் எதை அறிவித்தாலும் மக்கள் 'பார்க்கலாம்' என்றுதான் சொல்கிறார்கள். எதையும் நம்பாத மனசா இது?

இல்லை. அனுபவம். சென்னையில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமும் மோனோரயில் பற்றிக் கேளுங்கள். 2006-ல் பேச்சு எழுந்தது. 2011-ல் 111 கிலோமீட்டருக்கு மோனோரயில் என்று மறுபடி அறிவித்தார்கள். டெண்டர் விட்டார்கள், ரத்து செய்தார்கள், மறுபடி விட்டார்கள். ஒரு தூண்கூட எழவில்லை. அந்த அறிவிப்பை நம்பி, 'வாசலில் ஸ்டேஷன் வரப்போகிறது' என்று புரோக்கர் சொன்னதைக் கேட்டு மனை வாங்கியவர்களும் இந்த ஊரில் உண்டு.

பறக்கும் ரயிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களில் ஒப்புதல் கிடைத்த திட்டம் அது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் ஓடியது. 1997-ல் மயிலாப்பூர் வந்தது, 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. சுமார் 19 கிலோமீட்டர் முடிய ஒரு தலைமுறை ஆயிற்று. இதைக் கண்ணால் பார்த்தவர்கள் அடுத்த அறிவிப்புக்குக் கைதட்டவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயமில்லை.

பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்ட வேண்டியது ஐந்தே கிலோமீட்டர்தானே, ஏன் அவ்வளவு இழுத்தது?

2008-ல் வேலை தொடங்கியது. அப்போது போட்ட மதிப்பீடு 495 கோடி ரூபாய். பெரும்பகுதி சீக்கிரமே எழுந்துவிட்டது. ஆனால் ஆதம்பாக்கம் பக்கத்தில் சுமார் 500 மீட்டருக்கு நிலம் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள், இழப்பீட்டுத் தொகை பற்றிய வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. பாதை அந்தரத்தில் நின்றது. செலவு 734 கோடிக்கு ஏறியது. 2024 ஜனவரியில், முடிவு நெருங்கிவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாமதம் பொறியியலால் வரவில்லை. நிலத்துக்கு என்ன விலை, யாருடைய வீடு போகிறது, அவர் எங்கே போவார் என்பதையெல்லாம் தூண் எழுப்பும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். இங்கே முதலில் தூண் எழுந்தது, பிறகு பேச்சு நடந்தது. நீதிமன்றம் போனவர்கள்மேல் பழி போடுவது சுலபம். வாழ்நாள் சேமிப்பில் கட்டிய வீட்டுக்குச் சரியான விலை கேட்பது யாருக்கும் உள்ள உரிமை.

அப்படியென்றால் மெட்ரோ மட்டும் எப்படி ஓடுகிறது?

ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. சந்தேகப்படுகிறவர்கள் இதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 2009-ல் தொடங்கிய முதல் கட்டத்தில், 2015 ஜூன் இறுதியில் கோயம்பேடு – ஆலந்தூர் வண்டி ஓடியது. 2017 மே மாதத்தில் சுரங்கப் பாதை திறந்தது. 2019 பிப்ரவரியில் 45 கிலோமீட்டரும் முடிந்தது, 2021-ல் விம்கோ நகர் வரை நீட்டி 54 ஆயிற்று. 2024-ல் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்ட பயணங்கள் நடந்திருக்கின்றன. இன்று விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்குப் பெட்டியோடு போகிறவர் யாரும் 'இது எதற்கு' என்று கேட்க மாட்டார்.

ஆனால் வழியில் நடந்தவற்றை மறக்கவும் கூடாது. சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த ஓர் ஒப்பந்த நிறுவனம் பாதியில் போனது, அந்தப் பகுதி வேலை அப்படியே நின்று, வேறு ஆளைத் தேட வேண்டியதாயிற்று. 2017 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணா சாலையில் சர்ச் பார்க் பக்கத்தில் தார்ச்சாலை உள்வாங்கி, மாநகரப் பேருந்து ஒன்றும் அதன் பக்கத்தில் வந்த காரும் குழிக்குள் இறங்கின. பயணிகள் தப்பியது பெரிய அதிர்ஷ்டம். அண்ணா சாலைக்குக் கீழே மண்ணும் பாறையும் மாறி மாறி வருவது பொறியாளர்களுக்குத் தெரியும். மேலே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாது. இரண்டாம் கட்டத்திலும் 2025 ஜூனில் ராமாபுரம் அருகே உயரத்திலிருந்து கர்டர் விழுந்து, கீழே இருசக்கர வாகனத்தில் போய்க்கொண்டிருந்த ஒருவர் உயிரிழந்தார். திட்டம் வெற்றி என்பதால் அந்தக் குடும்பத்துக்கு ஏற்பட்ட இழப்பு சிறியதாகிவிடாது.

இரண்டாம் கட்டத்துக்குப் பணம் இருக்கிறதா?

118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. நடுவில் இருந்த அந்த நான்கு வருடமும் சுமையின் பெரும்பகுதியை மாநில அரசே தாங்கியது. வெளிநாட்டுக் கடனும் இதில் இருக்கிறது. டெல்லியும் சென்னையும் யார் பங்கு எவ்வளவு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, தடுப்பு என்னவோ நம் தெருவில்தான் நின்றது.

என் வீட்டுக்கு அடியில் சுரங்கம் போகிறது. சுவரில் விரிசல் வந்தால் என்ன செய்வது?

சுரங்கம் தோண்டும் முன் பாதையின் இரு பக்கத்துக் கட்டடங்களையும் அளந்து, படம் எடுத்து, நிலையைப் பதிவு செய்ய வேண்டும். பல இடங்களில் சுவரில் சிறிய அளவுக் கருவிகளைப் பொருத்துவார்கள், கட்டடம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அவை காட்டும். உங்கள் வீட்டுக்கு அந்த ஆய்வு நடந்ததா என்று கேளுங்கள், அறிக்கையின் நகலையும் கேளுங்கள். அதற்கு முன்பே நீங்களும் தேதி தெரியும்படி ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவரும் தளமும் சேரும் மூலைகள், ஜன்னல் சட்டத்தின் மேல் ஓரம், மாடிப்படிக்குக் கீழே உள்ள சுவர் ஆகியவைதான் முதலில் பேசும் இடங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன்மேல் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். பிறகு விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டி வளர்ந்தால் உங்களிடம் ஆதாரம் இருக்கும். இல்லையென்றால் 'இது பழைய விரிசல்' என்ற ஒரே பதிலோடு அனுப்பிவிடுவார்கள்.

திட்டம் முடிந்துவிட்டால் சந்தேகமும் முடிந்துவிடுமே?

கிளாம்பாக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். 2023 டிசம்பர் 30 அன்று பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். கட்டடம் பெரியது, சுத்தமானது. தெற்கு மாவட்டங்களுக்குப் போகும் பேருந்துகளை அங்கே மாற்றினார்கள். ஆனால் முனையம் திறந்தபோது, பக்கத்திலேயே ஓடும் புறநகர் ரயிலுக்கு அங்கே ஒரு நிறுத்தம் இருக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து இரவு முழுக்க உட்கார்ந்து வந்து, விடியற்காலை நாலு மணிக்கு இரண்டு பையும் ஒரு குழந்தையுமாக இறங்குகிற ஒரு பெண், கண்ணெதிரே போகும் ரயிலைப் பிடிக்க வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ இன்னொரு பேருந்து ஏற வேண்டியிருந்தது. அல்லது ஆட்டோக்காரர் கேட்ட தொகையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

முனையம் கட்டியது ஒரு துறை, ரயில் நிறுத்தம் வேறு துறை. இரண்டும் ஒரே நாளில் திறந்திருந்தால் ஊரே வாழ்த்தியிருக்கும். மக்களின் சந்தேகத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்டது. கட்டுவார்களா என்று யாரும் கேட்கவில்லை, எனக்குப் பயன்படும்படி கட்டுவார்களா என்றுதான் கேட்கிறார்கள்.

சென்னைக்குப் புல்லட் ரயில் வருமா?

சென்னை – பெங்களூரு – மைசூரு, 435 கிலோமீட்டர் என்று ஆய்வுப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருப்பது வேறு, பாதை போடுவது வேறு. நாட்டின் முதல் புல்லட் ரயிலான மும்பை – அகமதாபாத் பாதையை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். 508 கிலோமீட்டருக்கு 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். செலவில் ஐந்தில் நான்கு பங்கை ஜப்பான் 0.1 சதவீத வட்டியில், 50 ஆண்டுத் தவணையில் கடனாகத் தருகிறது. இதைவிட மலிவாகப் பணம் கிடைக்காது. அப்படியும் 2022 என்று சொன்ன கெடு போனது, 2023-ம் போனது. மகாராஷ்டிரப் பகுதியில் நிலம் எடுப்பதே வருடக்கணக்கில் இழுத்தது. முதல் பகுதிக்குச் சொன்ன புதிய வருடம் 2027.

என் கருத்தைக் கேட்டால், நமக்கு அவசரம் அதுவல்ல. சென்னையிலிருந்து பெங்களூருக்கு வந்தே பாரத் சுமார் நாலரை மணி நேரம் எடுக்கிறது. மணிக்கு 160 கிலோமீட்டர் போகக்கூடிய வண்டி அது, நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பதினெட்டு மாதத்தில் உருவாக்கியது. வண்டியில் வேகம் இருக்கிறது, பாதையில் இல்லை. வளைவுகளையும் சிக்னலையும் லெவல் கிராசிங்கையும் சரிசெய்தாலே அந்தப் பயணம் கணிசமாகக் குறையும். அதற்கு அடிக்கல் நாட்டு விழா வைக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

பட்ஜெட்டில் ஒரு ரயில் பாதைக்கு 1,000 ரூபாய் ஒதுக்கினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். தமிழ்நாட்டின் பல புதிய பாதைகளுக்குச் சில ஆண்டுகளில் அப்படி ஒதுக்கியிருக்கிறார்கள். ரயில்வேயில் ஒவ்வொரு பணிக்கும் எவ்வளவு என்று சொல்லும் ஆவணத்தைப் பிங்க் புக் என்பார்கள். ஒரு பாதை அந்தப் புத்தகத்திலிருந்து நீங்கிவிட்டால் திட்டம் செத்ததாக அர்த்தம். சாகவும் விடாமல் வேலையும் செய்யாமல் வைத்திருக்க ஒரு பெயரளவுத் தொகையை எழுதுகிறார்கள். மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குப் போக வேண்டிய கிழக்குக் கடற்கரைப் பாதை 2007-08-லேயே ஒப்புதல் பெற்றது. ஈ.சி.ஆரில் இன்று சனிக்கிழமை மாலை சிக்கிக்கொள்கிற ஒவ்வொருவரும் அந்தப் பாதை இல்லாததன் விலையைக் கொடுக்கிறார்கள். ஒப்புதல் கொடுத்த திட்டம் எது, பணம் கொடுத்த திட்டம் எது என்று பிரித்துப் பார்க்க அந்தப் புத்தகம் ஒன்று போதும்.

கல்பாக்கம் சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, பயப்பட வேண்டுமா?

சாலை வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். அணு மின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்ட மண்டலம் என்று வகுத்திருக்கிறார்கள். மாமல்லபுரம் அதற்குள் வருகிறது, சென்னை வரவில்லை. அங்குள்ள சென்னை அணு மின் நிலையத்தின் முதல் அலகு 1983-ல் இயங்கத் தொடங்கியது, இரண்டாவது 1985-ல். தலா 220 மெகாவாட். இத்தனை காலத்தில் ஊரைக் காலி செய்யும்படியான விபத்து எதுவும் நடக்கவில்லை.

2004 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்வோம். அன்று காலை இரண்டாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. சுனாமி நீர் கடல்நீர் எடுக்கும் பம்ப் கூடத்துக்குள் புகுந்தது, பணியிலிருந்தவர்கள் உலையை உடனே நிறுத்தினார்கள், அது பாதுகாப்பாக நின்றது. அதே நீர் பக்கத்தில் ஊழியர் குடியிருப்புக்குள் புகுந்து, நிலையத்தில் வேலை செய்தவர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் கொண்டுபோனது. உலை தாங்கியது என்பதும் உண்மை, அவ்வளவு பெரிய அலை வரும் என்று யாரும் திட்டமிட்டிருக்கவில்லை என்பதும் உண்மை. ஆதரிப்பவர்கள் முதல் பாதியையும் எதிர்ப்பவர்கள் இரண்டாம் பாதியையும் மட்டும் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நம்பிக்கை வரும்.

பயம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் மீன்பிடித்து வாழ்கிறவர்கள், 'சைரன் அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், யார் வண்டி அனுப்புவார்கள்' என்று கேட்டால் அதற்குத் தெளிவான பதில் எழுத்தில், தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் இருக்க வேண்டும்.

கல்பாக்கத்து ஈனுலை ஏன் இவ்வளவு தாமதம்?

ஈனுலை என்றால், தான் எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணு உலை. 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கு 2004-ல் வேலை தொடங்கியது. மதிப்பீடு 3,492 கோடி, முடிய வேண்டிய வருடம் 2010. தொடங்கிய சில வாரங்களில் சுனாமி வந்து அடித்தளக் குழியை நிரப்பியது. பிறகு மதிப்பீடு 5,677 கோடிக்குப் போய், அதையும் தாண்டியது. உலையின் மையப் பகுதியை நிரப்பும் பணியைப் பிரதமர் முன்னிலையில் தொடங்கியதே 2024 மார்ச்சில்தான்.

சுனாமி மட்டும் காரணமல்ல. இந்த உலையைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, சுமார் 1,750 டன் உருகிய சோடியம். சோடியம் காற்றில் பட்டால் எரியும், தண்ணீரில் பட்டால் வெடிக்கும். ஜப்பானின் மொஞ்சு ஈனுலையில் 1995-ல் சோடியம் கசிந்து தீப்பிடித்தது, கடைசியில் 2016-ல் அதை மூடவே முடிவு செய்தார்கள். பிரான்ஸ் தன் பெரிய ஈனுலையை 1997-ல் கைவிட்டது. ரஷ்யா மட்டும் 1980 முதல் ஓட்டி வருகிறது. ஆகவே கடினமான வேலை என்பதில் சந்தேகமில்லை. தென் கடற்கரை மணலில் உள்ள தோரியத்தை என்றாவது மின்சாரமாக்க வேண்டும் என்று ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் இது நடுப்படி. விஞ்ஞானிகள் அதற்காக உழைப்பதை நான் மதிக்கிறேன்.

என் வருத்தம் வேறு. இது முன்மாதிரி, உலகில் மிகச் சிலரே செய்து பார்த்தது, எத்தனை வருடமாகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று 2004-லேயே சொல்லியிருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். ஆறு வருடம் என்று சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் 'அடுத்த வருடம்' என்றார்கள். கஷ்டமான வேலை தாமதமாவதை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். சுலபம் என்று சொல்லித் தாமதமானால் பொறுக்க மாட்டார்கள்.

கூடங்குளத்தில் போராடியவர்கள் சொன்னது பொய்யாகிவிட்டதே? உலை ஓடுகிறதே?

உலை ஓடுகிறது. 1,000 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகள், அதில் தமிழ்நாட்டின் பங்கு 925 மெகாவாட். 2012-ல் மாவட்டங்களில் நாளுக்குப் பதினான்கு மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும், சென்னையில் இரண்டு மணி நேர வெட்டுக்கே நாம் புலம்பியதையும் நினைத்தால், அந்த மின்சாரம் சின்ன விஷயமில்லை.

ஆனால் போராட்டத்தின் மையமாக இருந்த பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரையின் மக்கள் கேட்டது என்ன? முதல் இரண்டு அலகுகளுக்கு 1989-லேயே சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள், பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்ற நடைமுறை அதற்குப் பிறகுதான் வந்தது. எனவே அந்த ஊரில் யாரிடமும் முறைப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்த மீனவர்கள் தங்கள் கரையில் எழும் உலையைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். பாதுகாப்பு ஆய்வு அறிக்கையைக் காட்டுங்கள் என்றார்கள். 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையமே வெளியிடச் சொல்லியும், அதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனது நிர்வாகம். பிரதமராக இருந்த மன்மோகன் சிங், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள்தான் பின்னணி என்று ஓர் அறிவியல் இதழின் பேட்டியில் சொன்னார். ஆயிரக்கணக்கானோர்மேல் தேசத் துரோக வழக்கு பாய்ந்தது. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப் புகையும் நடந்தன, அதே நாள் மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார்.

2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்தது. கூடவே பாதுகாப்பு பற்றிப் பதினைந்து கட்டளைகளும் போட்டது, போராடியவர்கள்மேல் உள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயலும்படியும் சொன்னது. கேள்விகளில் பொருள் இல்லையென்றால் கட்டளைகள் எதற்கு? முதல் அலகு 2007-ல் முடிய வேண்டியது, வணிக உற்பத்தி 2014-ன் கடைசி நாளில்தான் தொடங்கியது. 13,171 கோடி மதிப்பீடு 17,000 கோடியைத் தாண்டியது. போராட்டம் தாமதத்தில் ஒரு பங்கு மட்டுமே, அது தீவிரமானதே 2011-ன் பிற்பகுதியில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 அக்டோபரில் கூடங்குளம் கணினிகளில் ஊடுருவல் நடந்ததாகச் செய்தி வந்தது. முதலில் நிலையம் மறுத்தது. மறுநாளே, நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் (மால்வேர்) இருந்தது உண்மைதான், உலையை இயக்கும் அமைப்பு அதோடு இணைக்கப்படவில்லை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அந்த விளக்கத்தை முதல் நாளே கொடுத்திருந்தால் எல்லோரும் ஏற்றிருப்பார்கள். அந்த ஒரு நாள் மறுப்பு, பத்து வருட விளம்பரத்தை வீணாக்கியது.

2047-ல் 100 கிகாவாட் அணு மின்சாரம் என்கிறார்களே?

2025 பட்ஜெட்டில் அறிவித்த இலக்கு அது. முந்தைய இலக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2000-க்குள் 10,000 மெகாவாட் என்றார்கள், அந்த வருடம் இருந்தது 3,000-க்கும் கீழே. 2020-க்குள் 20,000 என்றார்கள், இருந்தது 6,780. 100 கிகாவாட் என்றால் ஒரு லட்சம் மெகாவாட். அதை எட்ட வருடத்துக்குச் சராசரியாக 4,000 மெகாவாட் சேர்க்க வேண்டும், அதாவது நம் 700 மெகாவாட் உலைகள் ஆண்டுக்கு ஆறு. குஜராத்தின் காக்ரபாரில் அந்த வகையின் முதல் உலை 2010-ல் தொடங்கி 2023-ல்தான் வணிக உற்பத்திக்கு வந்தது.

2025 டிசம்பரில் சாந்தி சட்டம் என்ற புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தனியார் நிறுவனங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்திருக்கிறது, தணிக்கைத் துறை 2012-லேயே சுட்டிக்காட்டிய குறை அது, வரவேற்கிறேன். ஆனால் 2010 சட்டத்தில், கருவி பழுதால் விபத்து நடந்தால் விற்றவரிடம் இழப்பீட்டைத் திரும்பக் கேட்க உரிமை இருந்தது. அந்த உரிமை இப்போது வெகுவாகச் சுருங்கிவிட்டது. போபாலை அனுபவித்த நாட்டில் இது சிறிய மாற்றமில்லை. இதைப் பற்றி நம் ஊர்களில் நடந்த விவாதம் போதாது.

அணு வேண்டாம், காற்றும் வெயிலும் போதும் என்று சொல்லலாமா?

போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, முப்பந்தலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக வீசும். சூரிய ஒளி மின்சாரம் சாயங்காலம் ஏசி போடும் நேரத்தில் இறங்கிவிடும். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். இரவுக்கு ஏதாவது வேண்டும், இப்போது அந்த ஏதாவது பெரும்பாலும் நிலக்கரி. எண்ணூரில் சாம்பல் கழிவோடு வாழ்கிறவர்களைக் கேட்டால் அதன் விலை என்ன என்று சொல்வார்கள். பேட்டரியும், மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின் நிலையங்களும் எவ்வளவு வேகமாக வரும் என்பதைப் பொறுத்துத்தான் இந்தக் கேள்விக்குப் பதில்.

செலவும் காலமும் கூடுவது நம் ஊரில் மட்டும்தானா?

இல்லவே இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் பெண்ட் ஃப்ளூபியர் உலகம் முழுவதிலும் 16,000-க்கும் மேற்பட்ட பெரிய திட்டங்களின் கணக்கைத் திரட்டினார். சொன்ன செலவிலும் சொன்ன காலத்திலும் முடிந்தவை நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை. ரயில் திட்டங்கள் சராசரியாக 39 சதவீதம், அணு மின் நிலையங்கள் 120 சதவீதம் அதிகச் செலவில் முடிந்திருக்கின்றன. சூரிய மின் நிலையங்களில் மிகை 1 சதவீதம்தான். ஒரே மாதிரிப் பலகையைத் திரும்பத் திரும்பப் பொருத்துவதால் அங்கே கற்றது அடுத்ததில் உதவுகிறது. ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்கிற இடத்தில் கணக்கு தவறுகிறது. இந்த எண்களை நம் திட்டமிடுகிறவர்களும் அறிவார்கள். அறிந்தே குறைத்துச் சொல்கிறார்கள், முழு எண்ணைச் சொன்னால் ஒப்புதல் கிடைக்காது என்பதற்காக.

சந்தேகப்பட்டதால் எந்தத் திட்டமாவது நன்றாக வந்திருக்கிறதா?

புதிய பாம்பன் பாலம். 1914-ல் கட்டிய பழைய பாலத்துக்குப் பதிலாகக் கட்டியது, 2.07 கிலோமீட்டர், நடுவில் கப்பலுக்கு வழிவிட்டுச் செங்குத்தாக உயரும் பகுதி. 2024 நவம்பரில் ரயில் பாதுகாப்பு ஆணையர் சோதித்துவிட்டு, அரிப்புத் தடுப்பு பற்றியும் வடிவமைப்பு ஒப்புதல் முறை பற்றியும் குறைகளை எழுதினார். தூக்கும் பகுதியில் வேகத்தையும் குறைத்தார். ரயில்வேயும் குழு அமைத்துப் பதில் தேடியது. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறந்தது. அந்த ஆணையரை யாரும் வளர்ச்சிக்கு எதிரி என்று சொல்லவில்லை. அவர் செய்ததும் ஆதம்பாக்கத்து வீட்டுக்காரர் செய்ததும் இடிந்தகரை மீனவர் செய்ததும் ஒரே வேலை. ஒருவருக்குப் பதவி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு புதிய திட்டத்தின் அறிவிப்பைப் படித்தால் முதலில் எதைப் பார்ப்பது?

நிலம். எத்தனை சதவீதம் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து பணம், அறிவிப்பில் வரும் தொகையை விட்டுவிட்டு இந்த நிதியாண்டில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று தேடுங்கள். இதே வகைத் திட்டத்தை இதே துறை கடைசியாக எப்போது, எவ்வளவு தாமதத்தில் முடித்தது என்று பார்த்தால் இப்போது சொல்லும் வருடத்தோடு எத்தனை சேர்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ரயில் பாதைகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி முன் அனுமதியும் கருத்துக்கேட்பும் கட்டாயமில்லை, அதனால் அவற்றில் கேட்க வேண்டியதை நாமே போய்க் கேட்க வேண்டும். அணு உலைகளுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு, அதன் தேதியைச் செய்தித்தாளில் தேடுங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

தகவல் உரிமைச் சட்டம் போதும். பத்து ரூபாய் கட்டணம், வெள்ளைத் தாள், தமிழிலேயே எழுதலாம். ரயில்வே, அணுசக்தித் துறை போன்ற மத்திய அலுவலகங்களுக்கு இணையத்திலும் அனுப்பலாம். 'ஏன் தாமதம்?' என்று கேட்காதீர்கள், அதற்கு யாரும் பதில் தர வேண்டிய கட்டாயமில்லை. ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த வழித்தடத்தின் திட்ட அறிக்கை நகல், கடந்த மூன்று நிதியாண்டுகளில் செலவான தொகை, எடுத்த நிலம் எவ்வளவு, எடுக்க வேண்டியது எவ்வளவு, ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த கால நீட்டிப்பு உத்தரவுகள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை மனுவின் நகலோடு பின் போட்டு வையுங்கள்.